மே மாதம் என் கடைக்கு அனுப்பாதீர்கள்

அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், குறிப்பாகப் பிளஸ் ஒன் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

தாலுகா ஆபீஸ் எதிர்ச்சந்தில், வாசலிலேயே ஜெராக்ஸ் மெஷின் நிற்கும் பிரவுசிங் சென்டர் என்னுடையது. உங்கள் ஊரில் ஆள் வேறாக இருக்கலாம், சந்து அதேதான். ஒன்பது வருடமாகப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுத் தருகிறேன். ஒரு விண்ணப்பத்துக்கு நூறு ரூபாய், ஜெராக்ஸ் தனி. இந்த வேலையைப் பிளஸ் ஒன்னிலேயே பள்ளியில் தொடங்கிவிடுங்கள் என்று கேட்கப்போகிறேன். நீங்கள் செய்தால் என் வருமானம் குறையும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

2025-ல் பிளஸ் டூ ரிசல்ட் மே 8-ம் தேதி வந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு அதற்கு முதல் நாளே திறந்துவிட்டது. ரிசல்ட் அன்று பத்தரை மணிக்கெல்லாம் கடை வாசலில் செருப்பு விட இடமில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், அம்மாவோடு வந்திருந்தாள். கணக்கு 92, இயற்பியல் 90, வேதியியல் 94. பொறியியல் கட்-ஆஃப் போட, கணக்கு மதிப்பெண் அப்படியே, மற்ற இரண்டிலும் பாதிப் பாதி. 92, 45, 47. கட்-ஆஃப் 184. நல்ல மார்க்.

"மொபைல் நம்பர் சொல்லும்மா" என்றேன். சொன்னாள். ஓ.டி.பி. போனது, பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்தின் சாரத்தில் நின்றுகொண்டிருந்த அவள் அப்பாவின் போனுக்கு. அவர் எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவரே கூப்பிட்டார். மெசேஜைப் படிக்க வராமல் போனை மேஸ்திரியிடம் கொடுத்தார். மேஸ்திரி எண்களைக் கன்னடத்தில் சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பையன் அதைப் புரிந்துகொண்டு தமிழில் சொன்னான். ஒரு வழியாக உள்ளே போனோம்.

அப்புறம்தான் கதையே ஆரம்பித்தது. சாதிச் சான்றிதழ் என்று அவள் நீட்டியது ஆறாம் வகுப்பில் சேரும்போது வாங்கியது. லேமினேஷனுக்குள் மை பாதி மறைந்திருந்தது. வருமானச் சான்றிதழ் இரண்டு வருடப் பழசு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும் என்றேன். பள்ளிக்குப் போய் வந்தாள். தலைமையாசிரியர் விடுமுறையில் சொந்த ஊர் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மே மாதம் அவருக்கும் மே மாதம்தான். "முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிட்டியா?" என்றேன். "அப்படின்னா என்னண்ணா?" என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆளே அவள்தான்.

கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி எல்லாம் ஏற்றி முடித்தோம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் மட்டும் வரவில்லை. அதற்காக அவள் அம்மா நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்ததை என் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன்.

இதில் யார் மேல் தப்பு என்று நிறைய யோசித்திருக்கிறேன். சட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் மருத்துவத்திலும் 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்கள் இருக்கின்றன. நான் முதல்வன், கல்லூரிக் கனவு என்று வழிகாட்டுவதும் 2022-லிருந்து நடக்கிறது. அங்கே போய்வரும் பிள்ளைகள் கண்ணில் ஒரு வெளிச்சத்தோடுதான் வருகிறார்கள், அதை நானே பார்க்கிறேன். ஆனால் மேடையில் கேட்ட கல்லூரிக்கும் வீட்டுப் பீரோவில் இருக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டுவதற்குப் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரே மாதம். அதே மாதத்தில் ஊரே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறது. சர்வர் படுத்துவிடுகிறது.

சாதிச் சான்றிதழ் எப்படி நகர்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இ-சேவையில் அறுபது ரூபாய் கட்டிப் பதிந்தால் வி.ஏ.ஓ., அவரிடமிருந்து ஆர்.ஐ., அதன் பிறகு பிற்படுத்தப்பட்டோர் என்றால் மண்டலத் துணை வட்டாட்சியர், பட்டியல் வகுப்பு என்றால் தாசில்தார், பழங்குடி என்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். பழங்குடிப் பிள்ளைகளுக்கு இது மாதக் கணக்கில் இழுப்பதையும் வருடக் கணக்கில் இழுப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு விண்ணப்பிக்கச் சொல்வதும் ஒன்றுதான், சொல்லாமல் விடுவதும் ஒன்றுதான்.

இன்னொரு குழப்பம் ஓ.பி.சி. சான்றிதழ். நம் மாநிலத்தில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிய சான்றிதழை மத்திய அரசுக் கல்லூரிகளில் காட்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு ஓ.பி.சி. என்று தனியாக வேண்டும், கிரீமி லேயரில், அதாவது வசதியான பிரிவில், வரவில்லை என்று அதில் இருக்க வேண்டும். அதுவும் அந்த வருடம் ஏப்ரல் 1-ம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றுக்கான நுழைவுத்தேர்வான ஜே.இ.இ.யில் கேட்கிறார்கள். நேர்மாறாக, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று தேவையில்லை. அதற்காகவும் வெயிலில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வேண்டியது இல்லை, வேண்டாதது இருக்கிறது.

பெயர் விஷயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சக்தி என்ற பெயரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசியுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு எச் இருக்கும், ஆதாரில் இருக்காது. பேங்க் பாஸ்புக்கில் எஸ்ஸுக்குப் பின்னாலும் ஒரு எச் முளைத்திருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக. பிள்ளை ஒன்றுதான், காகிதத்தில் மூன்று பேர். நீட், ஜே.இ.இ. விண்ணப்பம் போடும்போது இது வந்து நிற்கும். அப்போது ஆதாரைத் திருத்தப் போனால் டோக்கன் கிடைப்பதற்கே பாதி நாள் போய்விடும். பிளஸ் ஒன் படிக்கும்போது இதைச் சரி செய்ய ஒரு சனிக்கிழமை போதும்.

காகிதத்தை விடுங்கள், எப்படியாவது அலைந்து வாங்கிவிடலாம். போன தேதியை என்ன செய்வது?

போன வருடம் ஜூனில் ஒரு பையன் வந்தான். கலைப்பிரிவு, நல்ல மார்க், பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவன். "அண்ணா, திருச்சியில இருக்கற தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு அப்ளிகேஷன் போடணும்" என்றான். தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தைச் சொல்கிறான். அங்கே சேர கிளாட் என்று ஒரு தேர்வு. முந்தின டிசம்பர் முதல் வாரமே அது முடிந்துவிட்டது. விண்ணப்பம் அதற்கும் முன்னால், ஜூலை, ஆகஸ்டு வாக்கில் திறந்து அக்டோபர், நவம்பரில் மூடிவிடுவார்கள். கட்டணமும் நாலாயிரம், பட்டியல் வகுப்புக்கு மூவாயிரத்து ஐந்நூறு. தேர்வு இங்கிலீஷில்தான். இதையெல்லாம் பிளஸ் ஒன்னில் தெரிந்திருந்தால் அவன் எழுதுவதா வேண்டாமா என்று முடிவாவது எடுத்திருப்பான். ஜூனில் என்னிடம் கேட்டபோது அவனுக்கு முடிவெடுக்க ஒன்றுமே மிச்சம் இல்லை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வுக்குப் போட்டுக் கொடுத்தேன். அது பிளஸ் டூ மார்க்கை வைத்து நடப்பது. இடம் கிடைத்தது, படிக்கிறான். அவனைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் அந்த ஒரு கதவு, அவனுக்குத் தெரியாமலே திறந்து தெரியாமலே மூடியிருக்கிறது.

ஜே.இ.இ. மெயின் இன்னும் மோசம். முதல் முறை ஜனவரியில், இரண்டாவது ஏப்ரலில். ஜனவரித் தேர்வுக்கான விண்ணப்பத்தைக் கடந்த சில வருடங்களாக அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ திறந்து நவம்பர் கடைசி வாக்கில் மூடுகிறார்கள். காலாண்டு முடிந்து அரையாண்டுக்குப் படிக்கும் நேரம் அது. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியிருக்கிறது. நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் கல்லூரி. அந்தப் பாதிக்குப் போட்டியிட வேண்டுமென்றால் அந்தத் தேர்வை எழுத வேண்டும் என்பது தெரியுமா என்று நூறு பிள்ளைகளிடம் கேளுங்கள், எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். கேள்வித்தாள் தமிழிலும் உண்டு என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். 2024, 2025 இரண்டு வருடமும் அதற்கான விண்ணப்பம் திறந்திருந்தது மார்ச்சில், சரியாக நம் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது. தேதி வருடத்துக்கு வருடம் நகரும். ஆனால் ரிசல்ட் வந்த பிறகு திறக்கும் என்று காத்திருப்பவருக்கு எந்த வருடமும் கிடைக்காது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் பிள்ளைகளின் கல்லூரியை ஒரு வருடத்துக்கு முன்னாலேயே திட்டமிடும் ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். புரோக்கர்கள். அரையாண்டுக்கு முன்னாலேயே பிளஸ் டூ பிள்ளைகளின் பெயரும் அப்பா போன் நம்பரும் அவர்கள் கையில் இருக்கும். எப்படி வருகிறது என்று நான் கேட்பதில்லை, நீங்கள் கேட்டுப் பாருங்கள். ரிசல்ட் வந்த மறுநாள் வீட்டுக்கே வந்து, "கவுன்சலிங்கெல்லாம் நம்பாதீங்க, சீட் புக் பண்ணிருங்க, பஸ் வசதி இருக்கு" என்று பேசி, ஐயாயிரம் அட்வான்ஸும் ஒரிஜினல் டி.சி.யும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடை போட்ட முதல் வருடம், தலைக்கு இவ்வளவு என்று எனக்கும் கமிஷன் தந்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு வாங்கினேன். அதில் ஒருத்தி படிப்பை நிறுத்திவிட்டுக் கடைவீதியில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். தீபாவளிக்கு அங்கே துணி எடுக்கப் போவதை நான் நிறுத்திவிட்டேன்.

சரி, விண்ணப்பம் போட்டாயிற்று, ரேங்க் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் விருப்பப் பட்டியல் போடும்போது அடுத்த கூத்து. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையின் பட்டியலையும் கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போகும். எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். அதனால் ஆசைப்பட்டதை மேலே போட வேண்டும், பிடிக்காததை எங்கேயும் போடக்கூடாது, கீழே கிடைக்கக்கூடியதையும் தாராளமாகப் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

152 கட்-ஆஃப் வைத்திருந்த ஒரு பையன் ஆறே ஆறு கல்லூரி போட்டான். ஆறும் 190-க்கு மேல் போகும் கல்லூரிகள். "அண்ணா, லக் இருந்தா கிடைக்கும்ல?" என்றான். லக்குக்கு அங்கே வேலையே இல்லை. அவன் சுற்றில் எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனான், அங்கே மிச்சம் இருந்ததில் ஒன்று கிடைத்தது. அதே வாரம் இன்னொரு பெண், சிநேகிதி போட்ட பட்டியலை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வந்து டைப் செய்யச் சொன்னாள். பதினேழாவதாக இருந்த பிரிவு என்ன படிப்பு என்றே அவளுக்குத் தெரியாது. அதுதான் வந்தது. கல்லூரிப் பெயரைப் பார்த்துப் போடுவதில் வேறு ஆபத்து. ஒரே சாமி பெயரில் எத்தனை கல்லூரி இருக்கிறது! கல்லூரிக்கான கோட் எண்ணை வைத்துப் பார்க்காவிட்டால் வேலூரில் சேர நினைத்தவர் நாமக்கல்லில் இறங்க வேண்டியிருக்கும்.

எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எத்தனை கட்-ஆஃப் வரை போனது என்ற முந்தைய வருடக் கணக்கு எல்லாமே இணையத்தில் கிடைக்கிறது. அதைப் படிக்கப் பழக ஒரு பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கலந்தாய்வில் பட்டியல் போடக் கிடைப்பதோ இரண்டு மூன்று நாள், அதில் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கிடைப்பது இருபது நிமிஷம். பின்னால் இன்னும் முப்பது பேர் நிற்கிறார்கள். இந்த இரண்டு மணி நேரத்தைப் பிளஸ் ஒன்னில், உங்கள் ஹைடெக் லேபில் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

பிளஸ் ஒன்னுக்கு 2017-18-ல் வந்த பொதுத்தேர்வு 2025-26-லிருந்து இல்லை என்றாகிவிட்டது. அந்த வருடத்தில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தையும் பிளஸ் டூ பாடம் நடத்தியே நிரப்பிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மாணவர் விவரங்களை எமிஸ் தளத்தில் ஏற்றுவதற்கே உங்களுக்கு நேரம் போதவில்லை என்பது தெரியும், பாதி நாள் உங்களில் சிலரே அதற்காக என் கடைக்கு வருகிறீர்கள். புதிதாக ஒரு திட்டமோ பதிவேடோ வேண்டாம். சேரும்போதே ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி வரச் சொல்லுங்கள், பதினைந்து ரூபாய். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மாதம் ஒருமுறை ஒரு பீரியடில் பார்த்தால் போதும். கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் எந்தத் தேர்வு, எந்த மாதம் விண்ணப்பம் என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். எழுதாத பிள்ளையும் தினமும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வீட்டில் இருக்கும் யாருடைய போனாவது, ரீசார்ஜ் போட்டு இரண்டு வருடத்துக்கு மாறாமல் இருக்கும் ஒரு நம்பரைக் குறித்து வாங்குங்கள். சாரத்தில் நிற்கும் அப்பாவின் நம்பர் வேண்டாம், அங்கன்வாடிக்குப் போகும் அத்தையின் நம்பர் பரவாயில்லை.

குரூப் எடுக்கும்போதும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கணக்கு பயம் என்று தாவரவியல், விலங்கியல் இருக்கும் பியூர் சயின்ஸ் எடுக்கும் பிள்ளைக்கு, பொறியியல் கலந்தாய்வின் கதவு அன்றைக்கே மூடுகிறது என்பது தெரிந்திருக்கட்டும். தெரிந்து எடுத்தால் சரி. அதேபோல, நல்லா படிக்கிற பிள்ளை என்று பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்ற டி.சி. கேட்டு வரும் பெற்றோரிடம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் 7.5 சதவீதம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். போன வருடம் இதைக் கேட்டு என் கடையிலேயே ஓர் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கட்டியிருந்தார்.

எல்லாப் பிள்ளைகளும் பெரிய தேர்வு எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படிக்க ஆசைப்படும் பெண்ணும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேர நினைக்கும் பையனும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கும் இதே காகிதம், இதே போன் நம்பர்.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை கடைக்கு லீவு விடுகிறேன். லேப்டாப்பும் ஸ்கேனரும் என்னிடம் இருக்கிறது, நெட்டுக்கு என் போனே போதும். எந்தப் பள்ளி முதலில் கூப்பிடுகிறதோ அங்கே பிளஸ் ஒன் வகுப்பில் வந்து உட்காருகிறேன், காசு வேண்டாம். பிள்ளைகளை ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர் எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லை என்று பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுவேன். பிளக் பாயின்ட் ஒன்று மட்டும் வேலை செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தாலுகா ஆபீஸ் எதிர்ச்சந்து பிரவுசிங் சென்டர்காரன்